அண்ணன் சட்டைமேல் செய்த சத்தியம்

நவம்பர் 9, ஞாயிறு

இதை யார் எடுத்திருந்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், இத்தோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராமல் படித்துவிட்டால் வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக் காட்டவே காட்டாதீர்கள். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் படித்துவிடுவாள்.

நான் சண்முகவடிவு. பிளஸ் டூ, பயாலஜி குரூப். வீட்டில் அம்மா, அண்ணன், அவன் பெண்டாட்டி மதினி, நான். எலுமிச்சை மூட்டை அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மா முன்னறையில் படுத்திருக்கிறாள். கேட்டால் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறேன் என்று சொல்வேன். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருக்கிறேன், எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. இது ஏமாற்று வேலை என்று எனக்கே தெரிகிறது.

மதினி முழுகாமல் இருக்கிறாள்.

எழுதிவிட்டேன்.

போன வாரம் மதினி என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, மருந்துக் கடையில் ஒரு சாமான் வாங்கி வரச் சொன்னாள். எங்கள் தெருக் கடைக்காரர் அண்ணனுடைய சிநேகிதர், அங்கே வாங்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பக்கமிருக்கும் கடைக்கு யூனிஃபார்மோடு போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "யாருக்குப் பாப்பா?" என்றார்.

"எங்க டீச்சருக்கு."

"எந்த டீச்சருக்கு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கணக்கு டீச்சருக்கு."

கணக்கு டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும், கல்யாணமும் ஆகவில்லை. மதினியிடம் சொன்னபோது முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலையில் அதே தொட்டிப் பக்கம் நின்று இரண்டு சிவப்புக் கோட்டைக் காட்டினாள். அப்போது சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு தடவை இப்படி உண்டாயிற்று. அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். ஸ்கேன் எடுக்கப் போன அன்றைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் வெளிச்சம் பட்டுத்தான் கரைந்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். லட்டு தின்ற வீட்டுக்காரிகள் எல்லாம் மாசாமாசம், "தங்கம், இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்கிறார்கள். மதினியின் முழுப்பெயர் ஆவுடைதங்கம்.

அதனால் இந்தத் தடவை மூன்று மாசம் முடிகிற வரைக்கும் ஊருக்கும் சொல்லப் போவதில்லை, டாக்டரிடமும் போகப் போவதில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. "உங்க அண்ணன் வாயி தகர டப்பாட்டி. இங்கன சொன்னா செங்கோட்டை செக்போஸ்ட்ல கேக்கும்" என்றாள்.

பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் கட்டம் போட்ட சட்டையைக் காட்டி, "இதுமேல கை வச்சுச் சத்தியம் பண்ணு. யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்றாள். சட்டை ஈரமாக இருந்தது. வைத்தேன். சொன்னேன்.

அண்ணன் மினி லாரியில் எலுமிச்சை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறவன். நான் சத்தியத்தை மீறினால் எனக்கு ஒன்றும் ஆகாது. யார் மேல் செய்தேனோ அவனுக்குத்தான் ஆகும்.

நவம்பர் 11, செவ்வாய்

கெமிஸ்ட்ரி டெஸ்ட் மோசம். மதினி காலையில் குமட்டிக்கொண்டு வந்ததை அடக்கிக்கொண்டு எலுமிச்சை பொறுக்கினாள். அம்மா பார்க்கவில்லை. நான் சத்தமாக இருமினேன்.

நவம்பர் 13, வியாழன்

மதினிக்குச் சேலையில் ரத்தம் படுகிறது.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மதினி முற்றத்தில் இல்லை. அம்மா மட்டும் உட்கார்ந்து பெரிய காய் ஒரு கூடை, சின்னக் காய் ஒரு கூடை என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டாள் என்பதைவிட எறிந்தாள் என்று சொல்ல வேண்டும்.

"மதினி எங்கம்மா?"

"எங்க இருப்பா? ஒதுங்கிட்டா. இந்த மாசமும் போச்சு."

எங்கள் வீட்டில் வீட்டுக்குத் தூரமானவர்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம், கிணற்றடியை ஒட்டியிருக்கிற பின்னறைக்குப் போய்விட வேண்டும். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தட்டும் டம்ளரும் தனி, பாயும் தனி. அந்தச் சமயத்தில் எலுமிச்சையைத் தொட்டால் கூடையோடு அழுகும் என்பது அம்மாவின் கணக்கு. சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று கூப்பிடுவாள். உள்ளே ஆள் இருக்கும்போது அந்தக் கதவை வெளியிலிருந்து யாரும் தொடுவது கிடையாது. நானும் மாசாமாசம் போகிறேன். பரீட்சை நேரத்தில் அங்கே நிம்மதியாகப் படிக்கலாம்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"என்ன மதினி, ஆயிட்டீயளா? அப்ப அது?"

"மெதுவாப் பேசு. பழுப்பாத்தான் படுது. மொத மாசத்துல சிலபேருக்கு இப்படிப் படுமாம். எங்க சித்திக்குப் பட்டுச்சு, பையன் இப்ப ஒம்பதாங் கிளாஸ் படிக்கான்."

"ஆஸ்பத்திரிக்குப் போவமே."

"ஆஸ்பத்திரியா? போனதும் ஸ்கேன்தான் எடுப்பான். அத்தை என் சேலையில பாத்துட்டு தூரம்னு நெனைச்சுக்கிட்டாவ. நானும் ஆமான்னுட்டேன். நல்லதாப் போச்சு கேட்டியா. கூடை தூக்க வேண்டாம், குனிஞ்சு பெருக்க வேண்டாம். இந்த அறைக்குள்ள காலை நீட்டிப் படுத்துக் கெடந்தா தங்கிரும்."

அவள் சொன்னபோது சரியென்றுதான் பட்டது. அம்மாவே அவளை ஓய்வெடுக்க அனுப்பியது மாதிரி. இருவரும் அம்மாவை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் சிரித்தோம்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம் என்று பள்ளியில் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்றை ஜன்னல் வழியாக மதினிக்குப் போட்டேன். பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

வலது பக்கம் அடிவயிற்றில் ஒரே இடத்தில் குத்துகிறதாம். தூரமான வலி என்று நினைத்து அம்மா வெந்தயத்தை மோரில் போட்டு வாசல்படியில் வைத்தாள். மதினி அதைக் குடித்தாள். குடிக்காவிட்டால் அம்மா ஏனென்று கேட்பாளே.

எனக்கு மாசாமாசம் வருகிற வலி இடுப்பைச் சுற்றி வரும். ஒரு பக்கமாகக் குத்தினதில்லை. இதை மதினியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

விடாமல் மழை. அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் பின்னறைக்குள்ளேயே போய்விட்டேன். தெரிந்தால் தலையோடு குளிக்கச் சொல்வாள்.

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் வலது தோள்பட்டை வலிக்கிறதாம், நுனியில், ஆணி அடித்த மாதிரி.

"கூடை தூக்குன சுளுக்குட்டி. கொஞ்சம் தைலம் போட்டு விடு."

பச்சைத் தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். தோள் ஜில்லென்றிருந்தது. எங்கே அழுத்தியும், "அங்கன இல்ல, அங்கன இல்ல" என்றாள். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். வயிறு உப்பிக்கொண்டு வாயு மாதிரி இருக்கிறது என்றாள்.

"மதினி, எனக்குப் பயமா இருக்கு. அம்மாட்ட மட்டும் சொல்லிருதேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடி வளையல்கள் என் கையில் பதிந்தன. "சட்டைமேல கை வச்சியே, நெனப்பிருக்கா?"

மத்தியானம் அண்ணன் கோட்டயத்திலிருந்து போன் பண்ணினான். நான்தான் எடுத்தேன்.

"என்ன டாக்டரம்மா, ஊசி போடப் படிச்சாச்சா? மொத ஊசி எனக்குத்தான், மறந்துராத. உங்க மதினிட்ட குடு."

"மதினி தூரம்ணே."

"ஓ." போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி, பரவாயில்லைன்னு சொல்லு" என்றான். அவனும் மாசாமாசம் எதிர்பார்க்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எப்பண்ணே வருவ?"

"திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள மலை எறங்கிருவேன். பேய் மழை இங்க. வளைவுக்கு வளைவு மண்ணு சரிஞ்சு கெடக்கு."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நாளை மத்தியானம் அண்ணன் மலையிறங்கிவிடுவான். சமதரைக்கு வந்த பிறகு சொன்னால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. நாளை மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து சொல்லிவிடுவேன். ஒரு ராத்திரிதானே.

மதினியின் உதடு வெளுத்திருக்கிறது. மிட்டாய் இன்னும் பிரிக்காமல் பாய் ஓரத்தில் கிடக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலையில் அம்மா காப்பியைப் பின்னறை வாசல்படியில் வைத்துவிட்டு, "தங்கம், காப்பி" என்றாள். சத்தமில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். "மழைக்கு நல்லாத் தூங்குதா போல" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்ததை நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். பிறகு கதவைத் தள்ளினேன்.

"ஏட்டி, தொடாத! பள்ளிக்கூடம் போணும், திரும்பக் குளிக்கணும்" என்று அம்மா கத்தினாள்.

மதினி கதவுக்கும் பாய்க்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். எழுந்து வரப் பார்த்து விழுந்திருக்கிறாள். முகம் வெள்ளைத் தாளாக இருந்தது, வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள். வாசல்படியில் ஒரு கணம் நின்றாள். நான் பார்த்தேன், நின்றாள். பிறகு தாண்டி உள்ளே வந்து மதினியின் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டியில் ஒரு லேடி டாக்டர். கண்ணைத் திறந்து பார்த்தார், பி.பி. பார்த்தார், வயிற்றைத் தொட்டார். தொட்டதும் மதினி முனகினாள்.

"எப்ப இருந்து வலி? நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கா?"

"இல்லம்மா. இப்பத்தான் தூரமா இருக்கா, வேழக்கெழமையில இருந்து" என்றாள் அம்மா.

"கல்யாணம் ஆகி எவ்வளவு நாள்? கர்ப்பம் ஏதும் இருக்க வாய்ப்பிருக்கா?"

"அதுக்குத்தானம்மா ஏங்கிக்கிட்டு இருக்கோம். அதெல்லாம் இல்ல. தூரமாத்தான் இருக்கா."

டாக்டர் நர்ஸிடம் ஏதோ ஊசி சொன்னார். சுவரில் கடிகாரம் இருந்தது. மத்தியானத்துக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. அண்ணன் மலை மேலேதான் இருப்பான். மண் சரிந்த வளைவில் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பான். மதினியின் உதட்டைப் பார்த்தேன், அது நீலமாக இருந்தது. எனக்கு இரண்டு பேரில் ஒருவரை எடுத்துக்கொள் என்று யாரோ சொல்வது மாதிரி இருந்தது.

"மதினி முழுகாம இருக்கா" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். "ரெண்டு கோடு வந்துச்சு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். இது தூரமில்ல. வலது பக்கம் மட்டும் வலிக்கு. படுத்தா தோள் வலிக்கு."

டாக்டர் சடாரென்று திரும்பினார். "தோள் வலியா? எப்ப இருந்து?"

"சனிக்கிழமையில இருந்து."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. அந்த நேரத்தில் மதினி கண்ணைத் திறந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை.

"சத்தியம் பண்ணுனியேட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். டியூப் போட்டு ஒன்றுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணினார்கள், கோடு வந்தது. நூற்றியெட்டில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அந்த டாக்டரும் கூடவே போனில் பேசிக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தார். அங்கே ஸ்கேன் மிஷினை மதினி படுத்திருந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கருப்பைக்குள் ஒன்றும் இல்லை, வயிற்றுக்குள் முழுக்க ரத்தம் என்றார்கள். கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்துவிட்டதாம். உடனே ஆபரேஷன். அம்மா கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் நான்கே எழுத்துதான், அதைப் போட அவ்வளவு நேரம் ஆயிற்று. ஒரு நர்ஸ் மதினியின் கண்ணாடி வளையல்களைக் கழற்றப் பார்த்தார். கை வீங்கியிருந்ததால் கழலவில்லை, துணியைச் சுற்றி உடைத்தார். ரத்தம் வேண்டும் என்றதும் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணன்மார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எனக்கு வயதில்லை என்று எடுக்கவில்லை.

நான் அண்ணனுக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மத்தியானம் ஆயிற்று, சாப்பாட்டு நேரம் தாண்டியது, தொடர்பு எல்லைக்கு வெளியே. மதினியை ஆபரேஷன் முடித்து வெளியே கொண்டுவந்து, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழவில்லை. ஒருவர் பிழைத்துவிட்டார், அப்படியென்றால் இன்னொருவர் போய்விட்டார் என்று நினைத்தேன். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற வண்டிகளையே பார்த்தேன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அண்ணன் வந்தான். மலையில் மண் சரிந்து, சபரிமலைக்குப் போகிற வண்டியும் லோடு வண்டியும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றிருக்கிறது. தொப்பலாக நனைந்து, எலுமிச்சை வாடையோடு ஓடி வந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"என்னட்டி, என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தையும் சொன்னேன்.

"மூதி, நான் என்ன கண்ணாடிக் கிளாஸாட்டி, நீ ஒரு வார்த்தை சொன்னா ஒடைஞ்சு போக?" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது.

நவம்பர் 20, வியாழன்

இன்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். நடுவில் கருப்பை, இரண்டு பக்கமும் குழாய். நான் ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலால் வரைந்து பாகம் குறித்த அதே படம்.

"கரு உருவாகுறதே இந்தக் குழாய்லதான். அங்கிருந்து நகர்ந்து கருப்பைக்குள்ள வந்து ஒட்டணும். இவங்களுக்கு வழியிலேயே ஒட்டிடுச்சு. குழாய் எவ்வளவு பெரிசுன்னு நினைக்கிறீங்க? அதுல குழந்தை வளர இடமே கிடையாது."

"எடுத்துக் கருப்பையில வைக்க முடியாதாம்மா?" என்று அண்ணன் கேட்டான்.

"முடியாதுப்பா. உலகத்துல எங்கயும் முடியாது."

"ஸ்கேன் எடுக்காமத்தானே வச்சிருந்தா…" அம்மா தனக்குத்தானே சொன்னாள்.

"ஸ்கேன் ஒண்ணும் செய்யாதும்மா. போன தடவையும் ஸ்கேன் ஒண்ணும் செய்யல. இந்தத் தடவை எடுத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். சீக்கிரம் வந்திருந்தா, ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்து, ஊசியிலேயே கரைச்சிருக்கலாம். எல்லாருக்கும் அது ஒத்துவராது, ஆனா பலருக்கு முடியும். இப்ப குழாய் வெடிச்சதனால அதை எடுக்க வேண்டியதாப் போச்சு."

"தோள்?" என்று கேட்டேன்.

"உள்ள கசிஞ்ச ரத்தம் மேல ஏறி, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பைத் தொடும். அந்த நரம்பு தோள்ல வலியைக் காட்டும். நாள் தள்ளிப்போன பொண்ணு வயித்து வலியோட தோள் வலிக்குதுன்னு சொன்னா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சிருக்கக் கூடாது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், "நீ சொன்னதாலதான் அங்க டாக்டர் உடனே அனுப்பினாங்க. இல்லன்னா பொழைச்சிருக்க மாட்டாங்க."

எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை.

இன்னொரு குழாய் நன்றாக இருக்கிறதாம். கொஞ்ச மாசம் உடம்பு தேறட்டும், மறுபடி உண்டாகலாம், ஆனால் நாள் தள்ளிப்போனதுமே வந்து எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

வெளியே வந்ததும் அம்மா குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "உள்ள ரத்தமா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நான் தட்டை எட்ட வச்சுட்டு எட்ட நின்னேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தண்ணீரிடம் சொன்னாள்.

நவம்பர் 24, திங்கள்

நேற்று மதினியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் இழுத்து இழுத்து நடக்கிறாள். சர்ர், சர்ர் என்று கேட்கும்.

என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை. கஞ்சி கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறாள். நான் நிற்கிறவரை குடிக்காமல் டம்ளரையே பார்க்கிறாள். தையல் வலிக்கிறதா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது அம்மாவிடம், "வயித்துல இருக்கிறதை வாய்விட்டுச் சொன்னா எங்கக்கா தங்கும்?" என்றாள். உள்ளறைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அம்மா, "வாயை மூடிக்கிட்டு இருந்ததுலதான்ட்டி உசுரே போகப் பாத்துது" என்று சொல்லி, கொடுத்த காப்பி டம்ளரை அவள் குடித்து முடிக்கிறதுக்கு முன்னால் வாங்கிவிட்டாள். மதினி எதைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 26, புதன்

அண்ணன் இன்று லோடுக்குப் போய்விட்டான். போகும்போது அந்தக் கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தான். வேண்டுமென்றே போட்டான் என்று நினைக்கிறேன். வண்டியிலிருந்து என்னைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக் காட்டினான்.

சாயங்காலம் எனக்கு வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். அம்மா எலுமிச்சைக் கூடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து ஒரு புதுப் பாயைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். நகர்ந்தது அவளுக்கே தெரிந்தது. கூடைப்பக்கம் போய்விட்டாள்.

இப்போது அந்த அறையில்தான் இருக்கிறேன். கழுவி விட்டிருக்கிறார்கள். தைல டப்பா ஜன்னலிலேயே இருக்கிறது. மூலையில் அந்த மிட்டாய் கிடந்தது, எறும்பு மொய்த்து, காகிதம் மட்டும் முழுசாக இருக்கிறது. மதினி இங்கே ராத்திரியெல்லாம் தகரத்தில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு தங்கிரும், தங்கிரும் என்று நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள். எனக்கு இங்கே படுக்கப் பயமாக இருக்கிறது.

மதினியிடம் சொல்ல நினைப்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நேரில் வாய் வராது.

மதினி, நான் சொன்னதால் அது போகவில்லை. அந்த இடத்தில் அது வளரவே முடியாது. நீங்கள் படுத்தே கிடந்திருந்தாலும் வளராது, கூடை தூக்கியிருந்தாலும் அதனால் போயிருக்காது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். உங்களுக்கும் வார்டில் வந்து சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் அப்போது மயக்கத்தில் இருந்தீர்களோ என்னவோ. நான் வேறொரு தப்புச் செய்தேன். அதை யாரும் என்னைக் கேட்கவில்லை. உங்கள் தோள் வலித்த அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. அண்ணன் மலையிறங்கட்டும் என்று காத்திருந்தேன். உங்களைப் பணயம் வைத்து அவனைக் காப்பாற்றப் பார்த்தேன். அந்த நாளில் கொண்டுபோயிருந்தால் ஒருவேளை அந்தக் குழாய்…

முற்றத்தில் ஏதோ சத்தம். விளக்கை அணைக்கலாமா என்று பார்த்தேன். அம்மாவாக இருக்காது. அம்மா தூரத்தில் நின்றுதான் கூப்பிடுவாள். இந்த அறையில் ஆள் இருக்கும்போது அவள் கதவருகில் வருவதில்லை.

சர்ர், சர்ர் என்று கேட்கிறது. நிற்கிறது. மறுபடி கேட்கிறது. ஈரத்தில் படியிறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

கதவைத் தட்டுகிறார்கள். வெளியிலிருந்து இந்தக் கதவை யாரும் தொட்டதே கிடையாது. வளையல் சத்தம் இல்லை. வெறும் கை.

"வடிவு" என்று மதினியின் குரல்.